பிந்தி வருபவர் அனுமதி கேட்டல்

கைரியா தாத்தா எந்த அறைக்குள் போவதானாலும் வாசலில் ஒரு கணம் நிற்பார். கதவு இருந்தால் கதவில், இல்லாவிட்டால் நிலையில், விரல் மடிப்பால் ஒரு தட்டுத் தட்டி, மெதுவாக ஸலாம் சொல்வார். உள்ளேயிருந்து யாராவது "வாங்க" என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பார். கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கதவே கிடையாது. அங்கேயும் நிற்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். தேங்காய் துருவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "வாங்க தாத்தா" என்பேன். பிறகுதான் வந்து கிளாஸை எடுப்பார்.

எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா, மூத்த சகோதரரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மர்சூக் நானா மூத்தவர், அடுத்து கைரியா தாத்தா, கடைசியாக நான். இன்னொருவர் வீட்டு வாசலில் மூன்று தரம் ஸலாம் சொல்லி அனுமதி கேட்பதும், பதில் வராவிட்டால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் திரும்பி வருவதும் எங்கள் மார்க்கத்தில் உள்ள ஒழுங்கு. வாப்பா மூன்று பேருக்கும் ஒரே நாளில்தான் சொல்லித் தந்தார். நானாவும் நானும் அதை அயல் வீடுகளுக்கு வைத்துக்கொண்டோம். தாத்தா எல்லா வாசலுக்கும் வைத்துக்கொண்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தாத்தா ஏ.எல். வரை படித்தார். கல்யாணம் ஒன்று பேசி, பேசினவர்களே வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. பஸார் வீதியில் ஒரு கொமியூனிகேஷனில் தாத்தாவுக்கு வேலை கிடைத்தது. போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், தமிழ் சிங்கள டைப்பிங். அங்கேதான் அந்த நாடு அவருக்கு அகப்பட்டது.

அதன் பெயர் முகில்நாடு. அதற்கு நிலம் இல்லை. உலகத்தில் பல இடங்களில் இருக்கிற தமிழ் பேசும் ஆட்கள் போனிலும் கம்பியூட்டரிலும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட நாடு. கொடி உண்டு, முத்திரை உண்டு, வாக்கெடுத்துத் தெரிவு செய்த ஓர் அவையும் உண்டு. ஆரம்பத்தில் அவை என்றால் சந்தைதான், எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள் என்று தாத்தா சொன்னார். ஒருவர் எழுதி முடிக்குமுன் பத்துப் பேர் எழுதிவிடுவார்களாம். இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று தாத்தா ஒரு நாள் இரண்டு வரி எழுதிப் போட்டார். அப்படியென்றால் நீங்களே எழுதித் தாருங்கள் என்றார்கள்.

எழுத மூன்று மாதம் போனது. நிலையியற் கட்டளைகள் என்று தலைப்புப் போட்டார். பார்லிமெண்டில் அப்படித்தான் சொல்வார்களாம். யார் முதலில் பேசலாம், பிரேரணைக்கு எத்தனை பேர் வழிமொழிய வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்யக்கூடாது, எல்லாம் அதில் இருந்தது. நான் கீரை ஆய, அவர் வாசித்துக் காட்டுவார். விளங்குகிறதா என்று கேட்பார். எனக்கு விளங்கினால் மற்றவர்களுக்கும் விளங்கும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கட்டளைகளில் இரண்டு எனக்கு நன்றாக ஞாபகம். ஒன்று, தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராத உறுப்பினரின் ஆசனம் போகும், காரணம் கேட்கப்பட மாட்டாது. "காரணம் கேட்டா எல்லாரும் காரணம் சொல்லுவாங்க" என்றார் தாத்தா. மற்றது பிந்தி வருபவர் பற்றியது. அமர்வு இலங்கை நேரப்படி ஞாயிற்றுக்கிழமை விடியத் தொடங்கிப் பொழுது சாயும் வரை திறந்திருக்கும், ஆட்கள் பல நாடுகளில் இருப்பதால். தொடக்கத்தில் பெயர் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிறவர் தானாக உள்ளே வரக்கூடாது. அனுமதி கேட்க வேண்டும். தலைமைக் கதிரையில் இருப்பவர் மட்டுமே பதில் சொல்லலாம். இடைவெளி விட்டு மூன்று தரம் கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும்.

"இது எங்கட வாப்பா சொன்னது தானே" என்றேன்.

"நல்லது எங்க ஈந்தாலும் எடுக்கலாம்" என்றார்.

கட்டளைகள் நிறைவேறின. தாத்தாவைச் சபாநாயகராகத் தெரிவு செய்தார்கள். ஆறு வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் போனோடு உட்காருவார். "உறுப்பினர் பேசலாம்" என்று அவர் எழுதும் வரை துபாயில் இருக்கிறவரும் பேச முடியாது, கனடாவில் இருக்கிறவரும் பேச முடியாது. இங்கே முன்னறையில் மர்சூக் நானா காணி விஷயமோ கல்யாண விஷயமோ பேசும்போது தாத்தா நிலையோடு சாய்ந்து நிற்பார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் அவரும் சொல்ல மாட்டார்.

நானாவுக்கு அந்த நாடு நல்ல பகிடி.

"கைரியா, உன்ட நாட்டுல தேங்காய் என்ன வெல?"

"அங்க தேங்காய் இல்ல நானா."

"அப்ப என்ன நாடு அது? சம்பலும் இல்லாம."

நானாவின் மனைவி ஜஹானா மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். தாத்தாவும் கொஞ்சம் சிரிப்பார்.

அவையில் ரத்தினம்மா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். தெல்தோட்டைப் பக்கம், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தாத்தாவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார், வயதில் தாத்தாவை விட எவ்வளவோ மூத்தவர். அவருக்குச் சிறுநீரகத்தில் ஏதோ வந்து கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூன்று அமர்வு தவறிப்போனது. பிரதிச் சபாநாயகர் திவாகரன் கனடாவில் இருக்கிறார், யாழ்ப்பாணத்து ஆள். அவர் குரல் செய்தி அனுப்பினார்.

"அக்கா, மனுசி ஆசுப்பத்திரியில கிடந்தவ. இதுக்குமா கட்டளை?"

"கட்டளை காரணம் கேக்கல்ல தம்பி" என்று தாத்தா எழுதினார். ஆசனம் வெறுமையானதாக அறிவித்தார்.

டீச்சர் ஒரே ஒரு வரி எழுதினார். "சரிங்கம்மா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் போயிட்டு வாரேன்." அன்று தாத்தாதான் இரவுச் சோறு ஆக்கினார். கறியில் உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது.

போன நவம்பரில் மழை நிற்காமல் பெய்தது. ஆறு பஸாருக்குள் வந்தது. எங்களுக்குப் பின்னால் மேட்டில் இரண்டு வீடு மண்ணோடு போனது. அந்த ஆட்களைப் பற்றி இதில் எழுத எனக்கு முடியாது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. தாத்தா வேலை செய்த கொமியூனிகேஷனில் கூரைக்குக் கிட்டத் தண்ணீர் நின்றது. முதலாளி மெஷின்களைப் பார்த்துவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார். தாத்தாவின் போனும் நனைந்து செத்துப்போனது. முதல் ஞாயிறு நாங்கள் ஜஹானா மதினியின் உம்மா வீட்டில் இருந்தோம். இரண்டாம் ஞாயிறு சேறு அள்ளினோம். தாத்தா இரண்டையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் ஞாயிறு பின்னேரம், சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"றலியா, உன்ட போன்ல சார்ஜ் ஈக்கா?"

"கொஞ்சம் ஈக்கி."

பள்ளிவாசலுக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைத்தது. இரண்டு பேரும் அங்கே போனோம். பாதி உடைந்த மதில் ஒன்று இருந்தது. நான் உட்கார்ந்தேன். தாத்தா நின்றுகொண்டே தன் பெயரைப் போட்டு உள்ளே போனார். அமர்வு இன்னும் மூடவில்லை. ஒரு மணித்தியாலம் அளவில் இருந்தது. திரையில் கீழே "வருகை" என்று பச்சையாக ஒரு பட்டன்.

"இத அமத்தினா சரி தானே?" என்றேன்.

"பேர் வாசிச்சு முடிஞ்சி. நான் பிந்தித்தான் வந்தீக்கேன்."

எழுதினார். *பிந்தி வந்த உறுப்பினர் உள்ளே வர அனுமதி கேட்கிறார்.* எழுதிவிட்டு, வீட்டில் நிலைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே நின்றார். அன்று கதிரையில் இருந்தவர் திவாகரன். கனடாவில் அப்போது விடியவில்லை. அமர்வைத் தொடக்கி வைத்துவிட்டு அவர் நித்திரைக்குப் போயிருந்தார்.

உறுப்பினர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. யாரும் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்பதுதான் கட்டளை. துபாயில் இருக்கும் ஒருவர் மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார். "மேடம், பட்டனை அமத்துங்க. நாங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டோம்."

தாத்தா அதை எனக்குக் காட்டினார்.

"அப்ப அமத்துங்களேன் தாத்தா. ஆறு வருஷம் ஈந்த கதிரை."

"வாங்க எண்டு சொல்லல்லயே."

"நான் சொல்றேன். வாங்க."

"நீ உறுப்பினர் இல்லயே மகள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பு வந்தால் தங்கையையும் மகள் என்பார்.

இரண்டாம் தரமும் கேட்டார். மழை தூறத் தொடங்கியது. முந்தானையால் போனை மூடிப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தரம் எழுதும்போது ஓர் எழுத்துப் பிழையாக விழுந்தது. அழித்துத் திருப்பி எழுதினார். பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு லொறி ஏறிப் போனது. பச்சைப் பட்டன் கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தது. தாத்தா வெளியே வந்து போனை என் கையில் தந்தார்.

"மதினி பால்மா கேட்டாங்க" என்றார். "வாங்கிட்டுப் போவோம்."

இறங்கிப் போனோம். முதல் கடையில் பால்மா இல்லை. அடுத்த கடையில் இருந்தது.

மறுநாள் திவாகரனின் குரல் செய்தி என் போனுக்கு வந்தது. தாத்தா சேறு பிடித்த துணிகளை அலசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அக்கா, ஏன் அக்கா நேர வரேல்லை? கதவு திறந்துதானே கிடந்தது. நான் படுத்திட்டன், என்ர பிழை. நான் இப்ப ஒரு பிரேரணை கொண்டு வாறன், கட்டளையை ஒரு தரம் தள்ளி வைப்பம். எல்லாரும் ஓம் எண்டுதான் போடுவினம்."

தாத்தா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"ரத்தினம்மா டீச்சருக்குத் தள்ளி வெக்கல்லயே தம்பி."

உடனே பதில் வந்தது. "அது வேற அக்கா. இது வெள்ளம்."

"வேற இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் துணிக்குத் திரும்பினார்.

அந்த வாரமே ஆசனம் வெறுமையானதாக அறிவித்தார்கள். அறிவிப்பைத் திவாகரன் எழுதினார், தாத்தா எழுதி வைத்த வசனத்தில், பெயரை மட்டும் மாற்றி. ஜனவரியில் அவை கூடிக் கட்டளையைத் திருத்தியது. இனி நோய், வெள்ளம், மரணம் என்றால் காரணம் கேட்கலாம். பிந்தி வந்தவருக்கு எந்த உறுப்பினரும் "வாங்க" சொல்லலாம். ஆனால் எந்தத் திருத்தமும் அதற்கு முன் நடந்ததைத் தொடாது என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அதுவும் தாத்தா எழுதியதுதான். திருத்தம் நிறைவேறியதை நான்தான் வாசித்துக் காட்டினேன். "வசனம் நல்லா ஈக்கி" என்றார்.

திவாகரன் ரத்தினம்மா டீச்சருக்கும் சொல்லியிருக்கிறார். டீச்சர் ஒரு நாள் கோல் எடுத்தார். நான் போனைத் தாத்தாவின் காதில் வைத்தேன். டீச்சரின் குரல் எனக்கும் கேட்டது.

"என்னங்கம்மா, நம்ம ரெண்டு பேரும் வெளிய நிக்கிறோமா?"

"ஓம் டீச்சர்."

"சரி விடுங்க. உள்ள ஒரே சத்தமாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் தெல்தோட்டைப் பாதை உடைந்ததைப் பற்றியும் பேசினார்கள்.

மர்சூக் நானா இப்போது தேங்காய் விலை கேட்பதில்லை. யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு நாள் சாப்பிடும்போது, "அங்க திரும்பக் கேக்க ஏலாதா?" என்றார்.

"எலெக்ஷன் வரும் நானா."

"அப்ப கேளேன்."

"யாராவது நிக்கச் சொன்னா நிப்பேன்."

நானா கறிச் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

கொமியூனிகேஷன் இன்னும் திறக்கவில்லை. தாத்தா வீட்டில் இருக்கிறார். நானா பழைய போன் ஒன்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இடத்தில், அலுமாரிக்குப் பக்கத்தில், பார்வையாளராக உள்ளே போய் வாசிக்கிறார். பார்வையாளர் எழுத முடியாது. வேட்பாளர் பெயர் கொடுப்பது அடுத்த மாதம் முடிகிறது. இது வரைக்கும் யாரும் தாத்தாவை நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை.