டாக்டரிடம் அம்மா சொன்ன பதில்

கிருஷ்ணகிரியில் அந்த மனநல டாக்டர் என்னைத்தான் கேட்டார். "எப்பயாவது ஃபிட்ஸ் வந்திருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மா முந்திக்கொண்டாள். "ஐயோ, எங்க வம்சத்துலயே கெடையாதுங்க." பர்கூரிலிருந்து தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. வலிப்பு என்று காதில் பட்டாலே எங்கள் பக்கம் சம்பந்தம் நின்றுவிடும்.

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். தகடு வைத்து எடுக்கிற வேலை. அசந்தால் விரல் போய்விடும். மாதக்கணக்கில் குளிக்கக்கூடப் பிடிக்காமல் சுருண்டு கிடந்த எனக்கு, தூக்கம் தள்ளாத மாத்திரையாக இருக்கட்டும் என்று ப்யூப்ரோபியான் எழுதிக்கொடுத்தார். வாய் காய்ந்தது. காதுக்குள் ஓயாத இரைச்சல். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் சில வாரங்களில் ஒரு காலை, நானாகவே எழுந்து பல் விளக்கிவிட்டு, "டிபன் என்னம்மா?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

டாக்டர் அளவைக் கூட்டினார். கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் தளும்பியது. மருந்துக்கடைக்காரரும் கேட்டார்: "ஃபிட்ஸ் கிட்ஸ் ஒண்ணும் இல்லீங்களே? இருந்தா இது ஆகாதுங்க, திரும்ப இழுத்துடும்."

வீட்டுக்கு வந்து, "போற எடமெல்லாம் இதையே கேக்கறாங்கம்மா" என்று சிரித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை.

"எட்டு வயசுல உனக்கு ரெண்டு தடவ வந்துச்சுடா. காய்ச்சல்கூட இல்ல. கையில இரும்புச் சாவியக் குடுத்துப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் வரல. வெளிய சொல்லிப்புடாத, கம்முனு இரு."

சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வைத்திருந்த பதிலை டாக்டருக்கும் சொல்லியிருக்கிறாள், மகராசி! காலையில் விழுங்கிய மாத்திரை உள்ளே இருக்கிறது. மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிற நேரம். பிரஸ் முன்னால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு நான் விழுவது கண்ணில் தெரிந்தது.

"என் கை போனா பரவாயில்லையா உனக்கு?" பயத்தில் குரல் கீச்சென்று வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். "வேலைக்குப் போகாதீங்க. மாத்திரைய நிறுத்துங்க. யாரையாவது கூட்டிக்கிட்டு இப்பவே வாங்க" என்றார்.

அங்கே நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எந்த நிமிஷம் வருமோ என்று உடம்பெல்லாம் வியர்த்தது. அம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து நடந்ததைச் சொன்னாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. "வேற மாத்திரைக்கு மாத்திடலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சாம்மா?" டாக்டர் அவளைக் கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "இவங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க. மோட்டார் போடப் போனவரு, கெணத்து மேட்டுல நிக்கறப்ப வந்துருச்சு."

அப்பா கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்து செத்தார் என்றுதான் எனக்கும் தங்கைக்கும் இத்தனை வருஷமாகச் சொல்லியிருந்தாள்.