ரோட்டை எடுக்கச் சொன்ன கவுன்சிலர்

கவுன்சிலர் வேலை வாயால் செய்கிற வேலை என்றுதான், நின்று ஜெயிக்கும்வரை நானும் நினைத்திருந்தேன். அது முழுக்கக் காதால் செய்கிற வேலை.

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிகள் நிறைந்த ஒரு வார்டுக்கு நான் கவுன்சிலர். அதற்கு முன்னால் பத்து வருஷம் மகளிர் குழுத் தலைவி. ரேஷன் கார்டு, விதவை பென்ஷன், படிப்பை நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகள் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள். தெருவுக்காக ஒரே ஒரு மனு எழுதி, அந்த மனுவுக்காக நாலு தடவை நடந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அலைகிறவர்கள் கட்சி.

நாற்காலி

பதவியேற்ற பிறகு முதல் தடவையாக மாநகராட்சி ஆபீஸுக்குப் போன நாள். என் வீட்டுக்காரர் தாஸ் வாலாஜாபாத் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். ஃபைல் கட்டு கனமாக இருக்கிறதே என்று கூடவே உள்ளே வந்தார்.

அங்கே இருந்த கிளார்க் எழுந்து நின்றார். ஒரு நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி, தாஸ் பக்கம் திருப்பினார். "வாங்க சார், ஒக்காருங்க. வார்டுல என்ன பிரச்சினை?" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு முகம் சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் தாஸ் ஆட்டோ சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"சார், எனக்கு ஆட்டோ ஓட்டத்தான் தெரியும். வார்டு ஓட்டறது இவங்க. நாற்காலிய கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க."

ஒரு பக்கெட்

அந்த வருஷம் முதல் பெருமழை. காலையில் போன் வந்தது. "உங்க ரோட்டுத் தண்ணி எங்க வூட்டுக்குள்ள கீதுமா, வந்து பாரு." பேசியது சிவகாமி அம்மா. அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரம் குழித்தறியில் நெய்கிறவர். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் படியிறங்கி வந்து நேராக அந்தக் குழியில்தான் விழும்.

ஓடினேன். ஆனால் வாசல் வரைக்கும்தான். என் அம்மா கூலிக்காரி. வயல்வேலை இல்லாத மாதங்களில் இந்தத் தெருவுக்கு விறகு பிளக்க வருவார். எந்த வீடாக இருந்தாலும் பின்வாசலோடு சரி. சின்னப் பிள்ளையாகக் கூடவே வந்து பழகிய கால், கவுன்சிலர் ஆன பிறகும் நிலைப்படியில் தானாக நின்றுவிட்டது. உள்ளே குழி நிறையத் தண்ணீர். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நூல் நனையாமல் இருக்க ஏகாம்பரம் அதன் மேல் பாலித்தீன் போர்த்திக்கொண்டிருந்தார். சிவகாமி அம்மா முழங்கால் ஈரத்தோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாமா வாசல்லயே நின்னுக்கினு கீற? உள்ள வா, ஒரு பக்கெட்டு புடி."

மூன்று படி

குழியை இறைத்து முடித்ததும் சிவகாமி அம்மா டீ கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி டம்ளரில் குடித்தோம். அப்போதுதான் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டுமாம். இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீடு இறங்கவில்லை. ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது.

மறுநாளிலிருந்து நானும் அவரும் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். வாசல் எவ்வளவு பள்ளம், குழியில் எதுவரை தண்ணீர் நின்றது, எத்தனை நாள் தறி ஓடவில்லை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டோடு இன்ஜினியரைப் பார்த்து, "பழைய ரோட்டையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, முந்தி இருந்த மட்டத்துக்குப் புது ரோடு போடுங்க சார்" என்றேன். மாமன்றக் கூட்டத்திலும் எழுந்து அதையேதான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்காராமல் நோட்டை முதல் வீட்டிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். பதினோராவது வீட்டில் சிரிப்பு நின்றது. தீர்மானம் நிறைவேறியது. வெளியே வரும்போது இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"மேடம், எல்லாரும் ரோடு போடச் சொல்லித்தான் வருவாங்க. என் சர்வீஸ்ல ரோட்ட எடுக்கச் சொல்லி வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்."

ராட்டையோடு ஒரு மறியல்

தீர்மானம் வேறு, தார் வேறு என்பது ஒரு காலையில் புரிந்தது. சிவகாமி அம்மா போன் செய்தார். சுரண்டுகிற மிஷின் எதுவும் வரவில்லையாம். தார்க் கலவை லாரி மட்டும் வந்து, பழைய ரோட்டின் மேலேயே கொட்டத் தயாராக நிற்கிறதாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது காண்ட்ராக்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "தார் ஆறிப்போவும், தள்ளுங்க!" வேலை உத்தரவின் நகலை அவர் முன்னால் நீட்டி, 'சுரண்டி எடுத்தபின்' என்ற வரியில் விரலை வைத்தேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்தால் போலீஸ் வந்து இரண்டே நிமிஷத்தில் தூக்கிவிடும்.

அப்போது சிவகாமி அம்மா நூல் சுற்றுகிற ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தார். தன்பாட்டுக்கு நூல் சுற்ற ஆரம்பித்தார். எதிர்வீட்டிலிருந்து ஒரு ராட்டை வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. அரைமணி நேரத்தில் தெரு நடுவே பன்னிரண்டு ராட்டைகள் சுற்றின. லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் சொன்னார்:

"வண்டிய திருப்பிடலாம் ஓனர். வேலைய விட்டுட்டு வந்திருந்தா கொஞ்ச நேரத்துல எழுந்து பூடுவாங்க. இவங்க வேலையையே இட்டுக்கினு வந்துட்டாங்க."

பத்து நாள்

மிஷின் வந்தது, ரோடு போனது. அதற்குப் பிறகு நடந்ததில் தப்பு என்னுடையதுதான். புது ரோடு எப்போது போடுவார்கள் என்று தெரு கேட்டபோது, இன்ஜினியரை ஒரு வார்த்தை கேட்காமல், "பத்தே நாள்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் தாண்டியது. புழுதி. ஜன்னலை மூடினால் தறி வீட்டில் வெளிச்சம் இல்லை, திறந்தால் பட்டில் மண். இதற்கு நடுவில் கோயில் உற்சவமும் வந்தது. சாமி பல்லக்கு அந்தப் பள்ளத்தில் வர முடியாது என்று அடுத்த தெருவழியே கொண்டுபோய்விட்டார்கள். வருஷா வருஷம் வாசலில் தேங்காய் உடைக்கிறவர்கள், தட்டோடு அடுத்த தெரு முனையில் போய் நின்றார்கள்.

அன்றைக்குத் தாஸ் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வீடு வீடாகப் போய், "தப்பு என்னுதுதான். கேக்காம சொல்லிட்டேன். இன்னும் இருபது நாள் ஆவுமாம், கேட்டுக்கினுதான் வந்திருக்கேன்" என்றேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஏகாம்பரம் அதிகம் பேசாத மனிதர். தறியை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஓட்டு போட்ட வெரல்ல மை கூட பூட்ச்சுமா. ஒன் பத்து நாளு இன்னும் போவலியே."

தண்ணி வந்துச்சா?

இருபது நாளில் ரோடு வந்தது. பழைய படிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே தெரிந்தன. வீடுகள் மறுபடியும் தெருவுக்கு மேலே நின்றன.

அடுத்த மழைக்காலத்தில், மூன்று நாள் விடாமல் கொட்டிய பிறகு ஒரு காலை, எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. போன் வராத கவுன்சிலருக்குத்தான் பயம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரோட்டோரக் கால்வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. எந்த வாசலையும் எட்டிப் பார்க்கவில்லை. தெரு முழுக்கத் தறிச் சத்தம். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கண் நிறைந்ததைக் குடை மறைத்துக்கொண்டது.

சிவகாமி அம்மா வீட்டு மூன்று படியையும் ஏறி, யாரும் கூப்பிடாமலேயே நேராக உள்ளே போனேன். குழியில் ஏகாம்பரத்தின் கால்கள் காய்ந்திருந்தன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சிவகாமி அம்மாவிடம், மூச்சு வாங்கிக்கொண்டே, "தண்ணி வந்துச்சாமா?" என்று கேட்டேன்.

"எங்கமா வந்துது? ரெண்டு நாளா கொழாயில ஒரு சொட்டு இல்ல, அத கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

எங்கள் தொழிலில் நன்றி என்று யாரும் தனியாக வந்து சொல்வதில்லை. அடுத்த புகார் வந்துவிட்டால், போன வேலை ஒழுங்காக முடிந்தது என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.