சுண்ணாம்புக்கு அடியில்

ரயில் தண்டவாளத்தில் விரிசல் தேடி நடக்கும் அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘சோப்பு’. வேலை முடிந்து இரண்டு தரம் குளித்தாலும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சோறு போடுவாள். நேற்று அவளுக்குப் பொறுமையே போய்விட்டது. “காலைல அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீங்க” என்றாள்.

எல்லாம் சிக்னலுக்கு முன்னால் இருக்கும் அந்த வளைவால் வந்த வினை. வண்டி அங்கே நின்றதும் ஆளாளுக்குக் கழிவறைக்கு ஓடுவார்கள். தங்களுக்கு அடியில் உலகமே இல்லை என்ற நினைப்பு! அத்தனையும் ஓட்டை வழியே இரும்பின் மேல் விழும். அந்தக் கழிவு இரும்பை அரித்துத் தின்னும். தண்டவாளம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் யாரும் அங்கே குனிவதில்லை.

இன்று பெரிய அதிகாரி வருகிறாராம். மேஸ்திரி அந்த அசிங்கத்தின் மேல் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சோப்பு சுத்தியலால் தட்டினான். நல்ல இரும்பு கணீரென்னும், இது பொத்தென்றது. பீ அப்பிய இடத்தில் எப்போதும் அப்படித்தான் கேட்கும். பேசாமல் போய்விடலாம். ஆனால் அடுத்து வருவது அக்கா ஊர் வண்டி. அதில் அவள் இருப்பாள்.

தூவென்று துப்பிவிட்டு உட்கார்ந்தான். கொடுத்த கையுறை முதல் வாரமே கிழிந்துபோயிருந்தது. வெறுங்கையால் வழித்தான். இரும்பின் அடியிலிருந்து மேல்வரை கருப்பாய் ஒரு விரிசல். நகம் உள்ளே போனது.

சிவப்புக் கொடியோடு ஓடினான். வண்டி எட்டவே நின்றது. மேஸ்திரி ஆட்களோடு வந்து குதித்தார். “சுண்ணாம்பைக் கிளறச் சொன்னது யாருடா? ஐயா வர்ற நேரத்துல!” சீ, இந்த மேஸ்திரி என்ன ஜென்மமோ! விரிசலைக் கண்டதும் தகடு எடுத்துவர ஆட்களை விரட்டினார். இருபுறமும் தகடு வைத்து இறுக்கினார்கள். புதுத் தண்டவாளம் மாற்றும்வரை வண்டிகள் ஊர்ந்துதான் போக வேண்டும்.

வண்டி மெல்ல ஊர்ந்து அவனைக் கடந்தது. தண்டவாளம் உடைந்த செய்தி பெட்டி பெட்டியாகப் பரவியிருந்தது. அப்படியும் சன்னல்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாமதத்துக்குத் திட்டினார்கள். மூன்றாவது பெட்டியில் அவள். சோப்பு கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அவள் பார்த்துவிட்டாள். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே கத்தினாள்.

“புது சோப்பு அலமாரி மேல்தட்டுல இருக்கு! நல்லா தேச்சுக் குளிங்க! ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்!”

அவன் தலையாட்டினான். அவள் பெட்டி தாண்டும்போது, அதன் அடியிலிருந்து சொத்தென்று ஒன்று, அவன் வழித்துச் சுத்தம் செய்த இரும்பின் மேலேயே விழுந்தது.