எந்தப் பாத்திமா

ஆம்பூரில் நான் படித்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் மட்டும் மூன்று பாத்திமாக்கள் இருந்தோம். நபிகள் நாயகத்தின் மகள் பெயர் என்பதால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாத்திமா உண்டு. ஒருத்தியைக் கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். வகுப்பில் எங்களை இனிஷியலால் பிரித்திருந்தார்கள். நான் கே. மற்ற இருவரும் எஸ்., என்.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்பு எங்கள் மூவரையும் பையோடு ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னார்கள். ஏதோ பரிசு என்று நினைத்து என். பாத்திமா முன்னால் ஓடினாள்.

அங்கே ஹெச்.எம். மிஸ் நின்றுகொண்டிருந்தார். கிளார்க் அண்ணன் செல்போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மிஸ் எங்களிடம், உங்கள் அப்பாக்கள் தோல் பதனிடும் எந்த டேனரியில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். மூவருக்கும் தெரியவில்லை. அப்பா 'வேலைக்குப் போய்ட்டு வர்றேன்' என்பாரே தவிர, டேனரியின் பெயரைச் சொன்னதில்லை. பெரிய கேட் இருக்கும் என்று நான் சொன்னேன். அவர்களும் அதையே சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் மிஸ் விஷயத்தைச் சொன்னார். யாரோ ஒருவர் போன் செய்து, ஐந்தாம் வகுப்பு பாத்திமாவின் அப்பாவுக்கு டேனரியில் அடிபட்டுவிட்டது, பிள்ளையை அனுப்புங்கள் என்றாராம். எந்தப் பாத்திமா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திருப்பி அடித்தால் சுவிட்ச் ஆஃப். எங்கள் வீடுகளில் யாரும் எடுக்கவில்லை.

கிளார்க் அண்ணன் விசாரித்து வர வண்டியில் கிளம்பினார். நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தோலைப் போட்டுச் சுற்றும் மர டிரம் நம் வீட்டைவிடப் பெரியது என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். அன்று அதை ஆசையாகக் கேட்டேன். இப்போது அப்பா அதன் பக்கத்தில் நிற்பதுபோலத் தோன்றியது. யா அல்லாஹ், எஸ்.ஸாக இருக்கட்டும், இல்லையென்றால் என்.னாக இருக்கட்டும் என்று உதடு அசையாமல் ஓதிக்கொண்டேன். அவர்களும் உதட்டை இறுக்கி வைத்திருந்தார்கள்.

நாங்கள் அழுதுவிடக்கூடாது என்றுதானோ என்னவோ, மிஸ் பேச்சுக் கொடுத்தார். அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். பாத்திமா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

எஸ். பாத்திமாவுக்குத் தெரிந்திருந்தது. அரபி ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் சொன்னாராம்.

"பால் மறக்க வெச்ச குழந்தைன்னு அர்த்தம் மிஸ். அம்மாகிட்டேர்ந்து பிரிச்சு வெக்கிறது."

பிரிப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க வீட்ல என்னை பாத்திமான்னு கூப்ட மாட்டாங்க மிஸ். முன்னிதான். போன்ல சொன்னது என்னை இல்ல."

என். பாத்திமாவும் உடனே எழுந்து, தன்னை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள். எஸ். பாத்திமா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வேறு பெயர் இல்லை.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. கிளார்க் அண்ணன் உள்ளே வந்து எஸ். பாத்திமாவின் எதிரே குனிந்தார்.

"சின்ன அடிதாம்மா. ஆஸ்பத்திரில இருக்காரு. வா, போலாம்."

சின்ன அடி என்றதும் நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். நானும் என். பாத்திமாவும் கட்டிக்கொண்டோம், எஸ். பாத்திமாவும் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

மிஸ் சிரிக்கவில்லை. கிளார்க் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு மிஸ் எஸ். பாத்திமாவைத் தன் முன்னால் நிறுத்தி, அவள் சடை ரிப்பனை அவிழ்த்து, விரலாலேயே முடியைக் கோதி, மறுபடி பின்னத் தொடங்கினார். ஒரு சடை முடிந்ததும் இன்னொன்று. மெதுவாக, மிக மெதுவாகப் பின்னினார்.

எனக்குப் பசித்தது. சின்ன அடிக்குப் போய் மிஸ் ஏன் இவ்வளவு நேரம் பண்ணுகிறார் என்று எரிச்சலாக இருந்தது.