கிளட்ச் பிளேட்டுக்கு எட்டுப் பொட்டு

தேத்தண்ணி கொடுத்ததற்கு என் கணவர் நன்றி சொன்ன நாளில்தான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. "என்னா இது, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்பதுதான் அவர் வழக்கம். நானும் சும்மா இருக்கிற ஆள் கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் இரண்டு பேரும் போடுகிற சத்தம் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் எட்டு மாதமாக, குழம்பில் உப்பில்லை என்றால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் சரி, காலும் சரி. கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. கையை நம்பியே வாழ்ந்தவர். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் கெட்டிக்காரி, ஆறு மாதத்தில் நடக்க வைத்துவிட்டாள். ஏழாம் மாதம் டாக்டர், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் காடி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். இங்கே எங்கள் பேச்சில் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

மறுநாளே சாவியை எடுத்துவிட்டார். எங்களுடையது பழைய மேனுவல் காடி. கிளட்சை மிதிப்பது இடது கால், கியரை மாற்றுவது இடது கை. எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கத்துக்குத்தான் அத்தனை வேலையும். சிக்னல் விளக்கு வரைக்கும் போனோம். பச்சை விழுந்தது. கிளட்சை மிதிக்கிறார், மிதிக்கிறார், முழுசாக இறங்க மாட்டேன் என்கிறது. காடி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மூன்று தடவை அப்படியே. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. கடைசியில் ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து எங்களை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"காலு காரணமில்ல," என்றார் என் கணவர், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே. "கிளட்ச்சு. தேஞ்சு போச்சுன்னா மிதி கெட்டியாயிடும். எனக்கு முடியாம போறதுக்கு முன்னாலயே கெட்டியாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்க," என்றேன். நான் நம்பவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை. மெர்கோங்கில் இருக்கிற என் அண்ணன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மாப்ளைய பேசாம அத வித்துட்டு, கியர் தானா மாறுற ஓட்டோ காடி வாங்கச் சொல்லும்மா. இடது காலுக்கு வேலையே இல்ல. எதுக்கு இந்தக் கஷ்டம்லா?" நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டோ காடி வாங்குவது என்றால், கால் போய்விட்டது என்று அவரே ஒத்துக்கொள்கிற மாதிரி. அதை விடப் பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மாதம் பேசாமலே இருந்தார்.

பிறகு ஒரு நாள், "நானே மாத்தறேன். கிளட்ச்சு, கியர் பாக்ஸ் ரெண்டையும். வீட்டுலயே," என்றார். இரண்டாவது கியர் வேறு கொஞ்ச நாளாகவே நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது.

"பட்டறையில குடுத்தா ரெண்டு நாளுல முடிச்சுக் குடுத்துடுவாங்க," என்றேன்.

"தெரியும். நான் மாத்தணும். மாத்திட்டு நான் ஓட்டணும்."

அந்த எட்டு மாதத்தில் அவர் அடம்பிடித்தது அந்த ஒன்றுக்குத்தான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். வேலை விஷயமாகப் பண்டார் பாரு போன அண்ணன், பழைய காடிகளைப் பிரித்து விற்கிற கடையில் ஒரு கியர் பாக்ஸ் பார்த்து, சாக்கில் சுற்றிப் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். "என் புதுக் காடியில எண்ணெய் ஒழுகிடுச்சு பாரு," என்று அரை மணி நேரம் புலம்பினார். ஆனாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வருகிறேன் என்றார். புது கிளட்ச் செட்டை என் கணவரே கடைக்குப் போய் வாங்கி வந்தார். பிளேட், அதன்மேல் உட்காரும் மூடி, ஒரு பேரிங். பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் காடியை ஜெக்கியால் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் எண்ணெயை வடித்து, சக்கரத்துக்குப் போகிற தண்டுகளைக் கழற்றி, இஞ்சினுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். அவருக்கு இடது கையாக நான் உட்கார்ந்தேன். "பதினாலு" என்றால் பதினாலு ஸ்பேனர், "டார்ச்" என்றால் டார்ச். மத்தியானத்துக்குள் பழைய கியர் பாக்ஸ் தரையில் கிடந்தது. பழைய பிளேட்டை எடுத்து என்னிடம் காட்டினார். அதில் சதையே இல்லை, ஆணி தெரிந்தது.

"பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். ஆனாலும், தேய்ந்த பிளேட் ஒரு பக்கம், சரியில்லாத கால் ஒரு பக்கம், இரண்டும் இருக்கலாமே என்றுதான் என் மனசு சொன்னது.

அன்று சாயங்காலம் ஆயுத பூஜை. சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமி மேடைக்கு முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலை பூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மெர்கோங் போனார். என் கணவர் குளிக்கப் போனார். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்து அன்று காலைதான் திறந்த அவருடைய பெட்டிச் சாமான்களை நான் வரிசையாக வைத்தேன். ஸ்பேனர், சுத்தி, ஜெக்கி. என் தையல் மெஷினும் என் மோட்டார் சைக்கிள் சாவியும்கூட. புது கிளட்ச் செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன், புதுசு என்றால் அதுதானே முதலில்.

நான் எஸ்டேட்டில் பிறந்தவள். ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கம் ரப்பர் உருட்டுகிற மெஷினிலிருந்து மண்வெட்டி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. வெறும் குங்குமம் இரும்பில் நிற்காது, உதிர்ந்துவிடும் என்று நல்லெண்ணெயில் குழைத்து வைப்போம். அதே மாதிரிக் குழைத்தேன். ஸ்பேனருக்கு ஒன்று, சுத்திக்கு ஒன்று. பிளேட்டை எடுத்து இந்தப் பக்கம் நான்கு, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் நான்கு, அழுத்தி வைத்து, மேலே பூவைப் போட்டு மூடினேன். ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரே வேண்டுதல்தான்: தாயே, இவர் காலுக்குப் பலம் கொடு.

காலையில் பூஜை முடிந்ததும், இந்தக் கோலத்தில் பார்த்தால் ஏதாவது சொல்வார் என்று நினைத்து, பிளேட்டை மட்டும் துணியால் நன்றாகத் துடைத்தேன். சும்மா இல்லை, தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

அண்ணன் வந்தார். பிளேட்டைப் பொருத்துகிற நேரம். அதன் நடு ஓட்டை மட்டத்துக்கு வர, ஒரு குச்சியில் டேப் சுற்றி வைத்திருந்தார் என் கணவர். அண்ணன் பிளேட்டைத் தூக்கிக்கொடுக்கப் போனார்.

"மச்சான், மச்சான்! ஓரத்தப் புடிங்க. மேல கை படக்கூடாது. கையில உள்ள எண்ணெ பட்டாலே போச்சு. காடி உதறும்."

கையில் உள்ள எண்ணெய்க்கே போச்சு என்றால், நான் வைத்தது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் குச்சியைச் சுற்றி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது விரல்கள் நடுங்கின, ஆனால் விடவில்லை. துடைத்துவிட்டோமே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் நீள்கிற என் வாய், நீள வேண்டிய அந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

கியர் பாக்ஸை இரண்டு பேருமாக ஏற்றி, போல்ட் போட்டு முடித்தார்கள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மிச்ச வேலையை நாங்கள் இரண்டு பேரும் செய்தோம். ஐந்து மணிக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவர் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். அவர் முகமே மாறியது. "லேசா இருக்கு," என்றார். "ரொம்ப லேசா இருக்கு."

முதல் கியர் போட்டுக் காலை மெதுவாக விட்டார். காடி உதறியது. எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள், குளிர் ஜுரம் வந்த ஆள் மாதிரி முழுக் காடியும் உதறியது. மறுபடி மிதித்தார், மறுபடி விட்டார். அதே உதறல். கதவை நான் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன், என் கைக்கும் வந்தது.

அவர் இஞ்சினை அணைத்தார். இறங்கினார். சாவியைச் சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டினார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கால்தான்," என்றார். "நிதானமா விட முடியல, நடுங்குது. ஒங்க அண்ணன் சொன்னது சரி. வித்துடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு நாளா நீயும் கஷ்டப்பட்டுட்ட. நன்றிம்மா," என்றார்.

அந்த நன்றிதான் என்னைக் கொன்றது. எனக்கு ஓட்டோ லைசென்ஸ்தான், மேனுவல் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டிக் காட்டி அது கால் இல்லை என்று நிரூபிக்க முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கால் அன்றோடு முடிந்தது.

"ஏங்க," என்றேன். "பிளேட்டுக்குப் பொட்டு வச்சேன்."

"என்னா?"

"நேத்துப் பூஜையில. குங்குமம். நல்லெண்ணெயில கொழைச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். எட்டு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்தார், அதை நான் கவனித்தேன். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! "அறிவிருக்கா ஒனக்கு? மண்டையில என்னா வச்சிருக்க? கிளட்ச் பிளேட்டுடி அது, ஒன் நெத்தியா, பொட்டு வைக்கிறதுக்கு? காலையிலேருந்து பக்கத்துல ஒக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுத்தியே, அப்ப வாய் எங்க போச்சு? ஊருக்கே பேசுவியே!" எட்டு மாதத்துத் திட்டையும் சேர்த்து வைத்துத் திட்டினார். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, பழைய சத்தம்தான் என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தெரிந்தால் இன்னும் திட்டுவார் என்று சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை என் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே இரண்டு பேரும் மறுபடி காடிக்கு அடியில் போனோம். அண்ணனைக் கூப்பிடட்டுமா என்றேன். "வேணா. வந்தா பொட்டுக் கதைய மெர்கோங் முழுக்கச் சொல்லிடுவாரு," என்றார். ஜெக்கியில் கியர் பாக்ஸை உட்கார வைத்து, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். அவசரத்தில் இடது கையையும் போட்டுத் தாங்கினார். பிளேட் வெளியே வந்தது. எட்டு இடத்திலும் கறுப்பாகப் பளபளவென்று வட்டம். துடைத்த துணிக்கு ஒன்றும் வரவில்லை, எல்லாம் உள்ளேயே இறங்கியிருந்தது.

"நல்லா அழுத்தித்தான் வச்சிருக்க," என்றார்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர், "போன வாரந்தானே ஒங்க வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போனாரு?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. "பொட்டு வச்சிட்டேன் தம்பி," என்றேன். அவர் சிரிக்கவே இல்லை. "பிளேட்டுலயாக்கா? இந்தப் பூஜைக்கு நீங்கதான் மொத ஆளு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தார்.

இந்தத் தடவை பிளேட்டை நான் பெட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். மூன்று மணிக்கு முடிந்தது. "எலுமிச்சம்பழம் சக்கரத்துக்குக் கீழ மட்டும்," என்றார். "வேற எங்கயாச்சும் வச்ச, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் மிதித்தார், கியர் போட்டார், காலை விட்டார். நான்கு பழமும் ஒரே சமயத்தில் நசுங்குகிற சத்தம் கேட்டது. காடி உதறாமல் குலுங்காமல் சாலைக்கு இறங்கியது. அவர் நேராக அந்தச் சிக்னல் விளக்குக்கே போனார். சிவப்பு. நின்றோம். பச்சை விழுந்தது. கால் இறங்கியது, கை கியரைப் போட்டது, கால் ஏறியது. நாங்கள் பாட்டுக்கு மற்ற காடிகளோடு போனோம்.

விளக்கைத் தாண்டியதும், அன்று எங்களைத் தள்ளிவிட்ட அதே ஓரத்தில் நிறுத்தினார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கிளட்ச்சுதான்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க," என்றேன். அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. "நான்தான் நம்பல. அந்த எட்டுப் பொட்டையும் ஒங்க காலுக்குத்தான் வேண்டிக்கிட்டு வச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் கியரைப் போட்டார்.

"நானும் நம்பலம்மா," என்றார்.