வாளிப்பிடித் துப்பாக்கி

எழுபதுகளின் கடைசியில், ரைன் நதிக்கரையில் ஒரு சிறுநகரத்து உணவு விடுதியில் நான் பாத்திரம் கழுவினேன். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் எனக்கு முன்பே ஜெர்மனிக்கு வந்திருந்த ஊர்க்காரர். அவர் அதே விடுதியில் காய்கறி வெட்டினார். அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், வாயால் மட்டும். மேல்மாடியில் ஒரே அறையில் படுத்தோம். அவரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

மத்தியானக் கூட்டம் கலைந்தபின் முதலாளி தொலைக்காட்சியில் கவ்பாய் தொடர் பார்ப்பார். அண்ணையும் பக்கத்தில் போய் இருப்பார். அதில் வருகிற துப்பாக்கியின் விசையைச் சுற்றி வளையம் போல ஒரு பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த குண்டு ஏறும். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கதாநாயகன் மட்டும் வளையத்துக்குள் விரல்களை விட்டு, முழுத் துப்பாக்கியையும் ஒற்றைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுவான். ‘களக்’ என்று சத்தம் வரும். உடனே ஒருவன் குதிரையிலிருந்து விழுவான். முதலாளி மேசையில் அடித்துச் சிரிப்பார்.

அண்ணைக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நிலம் கூட்டுகிற ஒரு தும்புத்தடியின் கம்பைப் பாதியாக அறுத்தார். வளையத்துக்கு, நான் நிலம் கழுவும் வாளியின் கம்பிப்பிடியைக் கழற்றி வளைத்துக் கட்டினார். அன்றிலிருந்து தண்ணீர் வாளியை நான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். குளிர்காலம் முழுக்க ஈரச் சட்டையோடு இருமினேன்.

“அண்ணை, பிடியைத் தாங்கோ. தூக்க ஏலாமல் கிடக்கு.”

“அஞ்சாம் வகுப்போடை படிப்பை விட்டவனுக்கு வாளி தூக்கவும் தெரியாதோ?” தடியைச் சுழற்றி என் நெற்றிக்கு நேரே நீட்டினார். “டுமீல்! விழடா.”

நான் விழவில்லை. அவர் விடவும் இல்லை. தினமும் சுட்டார். சமையல்காரர் சிரித்தார், பரிமாறுகிற பெண் சிரித்தாள். ஒருநாள் முதலாளியும் பார்த்துவிட்டார். கார்னவல் திங்கட்கிழமை ஊரே வேடம் போட்டுக் குடிக்கும். அன்று வாடிக்கையாளர்களுக்கு முன்னால் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்றார். சுடுகிறவர் அண்ணை. செத்து விழுகிறவன் நான்.

“ஆக்களுக்கு முன்னாலை நிக்கவே எனக்குக் கூச்சம் அண்ணை.”

“உன்னை ஆர் நிக்கச் சொன்னது? விழத்தானே சொல்லுறன். விழாட்டி முதலாளியிட்டைச் சொல்லி வேலையாலை கலைச்சுப்போடுவன். பிறகு ஸ்டேஷன் மரவாங்கிலை போய்ப் படு.”

அவர் சொன்னால் முதலாளி கேட்பார். எனக்கு வேறு வேலையும் இல்லை, படுக்க வேறு இடமும் இல்லை.

கார்னவல் அன்று கடை நிறையத் தொப்பிகளும் ஒட்டுமீசைகளும். அண்ணை இரவல் தொப்பியோடு வந்து, என்னை ஏப்ரனில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடுவில் விட்டார். எல்லாக் கண்களும் என்மேல். தடியை அழகாகத்தான் சுழற்றினார்.

“டுமீல்!”

நான் நின்றேன்.

“டுமீல்!” பல்லைக் காட்டிக்கொண்டே, “விழடா நாயே” என்றார்.

“நைன்” என்றேன். மாட்டேன் என்று அந்த ஊரில் நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல்முறை.

சிரிப்பு நின்றது. அண்ணை முதலாளியிடம் திரும்பி, என்னைக் காட்டிக் காட்டி வேகமாக ஜெர்மனில் முறையிட்டார். மேலே கட்டிலுக்கடியில் கிடந்த என் பெட்டியை நினைத்தேன். ஆனால் முதலாளிக்குக் குடிவெறி, கூட்டமோ காத்திருந்தது. அவர் அண்ணையின் கையிலிருந்து தடியைப் பறித்தார். தாமே சுழற்றினார். அது அவருடைய முழங்கையில் அடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் அண்ணையின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “பும்!” என்றார்.

அண்ணை முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசைக் கதிரை ஒன்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். கடை அதிர்ந்தது. இன்னொருமுறை என்று கேட்டார்கள். விழுந்தார். விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வரிசையில் வந்து சுட்டார்கள்.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தேன். கதிரை விழும் சத்தம் அங்கேயும் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

என்னை யாரும் வேலையிலிருந்து கலைக்கவில்லை. மறுநாள் முதலாளிக்கு என் ‘நைன்’ ஞாபகமே இல்லை. கோடைகாலம்வரை அண்ணையும் நானும் அதே அறையில் படுத்தோம், ஒரு சொல் பேசாமல். சமையலறையில் அழுக்குச் சட்டிகள் சேர்ந்தால் அவர் கரண்டியால் தொட்டியில் தட்டுவார். நான் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பேன்.