பெற்றோல் விழுந்த கிணறும் இரசாயனவியல் மாஸ்டரும்

கோப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் பெற்றோல் விழுந்தது போன மாசியில், சிவராத்திரிக்கு மறுநாள் காலை. தண்ணீர் இறைக்கும் மிஷினுக்கென்று கிணற்றுக் கட்டில் வைத்திருந்த பெற்றோல் கான் சரிந்துவிட்டது. அந்த வீட்டு மருமகள் கர்ப்பிணி. குடிக்கவும் சமைக்கவும் அவர்களுக்கு அந்த ஒரு கிணறுதான்.

வீட்டுக்காரர் கூப்பிட்டது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் டியூசன் மாஸ்டரை. உயர்தர இரசாயனவியல் படிப்பிப்பவர். படிப்பிப்பதைவிட, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறுகளோடு தன் படத்தையும் சேர்த்து மதில் மதிலாக ஒட்டுவதில் கெட்டிக்காரர். வந்தவர் ஒருதரம் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

"எண்ணெய் மேலை, தண்ணி கீழை. துணியாலை ஒத்தி எடுங்கோ. பிறகு தாராளமாக் குடிக்கலாம்."

ஒத்தி எடுத்தார்கள். தண்ணீரின் மேல் மிதந்த வானவில் நிறங்கள் மறைந்தன. மாஸ்டர் முகத்தில் ஒரு நோபல் பரிசுக் களை.

பெற்றோல் ஒரே பொருள் அல்ல. காபன் அணுக்களைச் சங்கிலியாகக் கோத்த அலிபற்றிக் ஐதரோகாபன்களும் அதில் உண்டு; ஆறு காபன் வளையமாக அமைந்த, பென்சீன் போன்ற அரோமற்றிக் ஐதரோகாபன்களும் உண்டு. சங்கிலிகள் நீரில் கரைவது அற்பம், மிதந்தே கிடக்கும். வளையங்கள் அவற்றைவிடப் பல மடங்கு கரையும். துணியில் வந்தது மிதந்தது மட்டும். கரைந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றிலேயே இருந்தது. அந்த அறுகோணத்தைத்தான் இந்த மனிதர் வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிப் பிழைக்கிறார்.

"மாஸ்டர், பென்சீன் தண்ணியிலை கொஞ்சமும் கரையாதோ?" என்று கேட்டேன்.

"சோதினையிலை உப்பிடிக் கேக்கிறேல்லை, அண்ணை."

"கிணறு என்ன சோதினை மண்டபமோ?"

"நீங்கள் ஏதோ புத்தகத்தைப் பாத்துப்போட்டுக் கதைக்கிறியள். நான் பிள்ளையளை மெடிசினுக்கு அனுப்புறனான்."

வீட்டுக்காரர் பக்தியோடு தலையாட்டினார். மதிலில் படம் இல்லாதவன் சொல்லை யார் மதிப்பார்?

அப்போது மருமகள் அந்தத் தண்ணீரைச் செம்பில் அள்ளி வந்து அவரிடம் நீட்டினாள்.

"மாஸ்டர், முதல்லை நீங்கள் குடியுங்கோ. பிறகு நான் குடிக்கிறன்."

"இப்பதான் பிளேன்ரீ குடிச்சனான் பிள்ளை."

"அதுக்கென்ன, ஒரு மிடறு."

"எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு." சொன்னதும் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அத்தனை சுறுசுறுப்பாக அவரை நான் கண்டதில்லை.

அவள் செம்பை நிலத்தில் கவிழ்த்தாள். "மாமா, வைரவர் கோயில் கிணத்திலை ரெண்டு கான் அள்ளிக்கொண்டு வாங்கோ. உந்தக் கிணத்தை இறைச்சு, தண்ணியைச் சோதிச்சாப் பிறகு பாப்பம்."

வீட்டுக்காரர் மாஸ்டர் போன திசையை ஒருதரம் பார்த்தார். பிறகு சைக்கிளில் தண்ணீர்க் கான்களைக் கட்டத் தொடங்கினார்.